கார் இல்லாமல் தெற்கு ஸ்பெயின் நகரங்களைச் சுற்றிப் பார்க்க முடியுமா?

தாராளமாக முடியும். சொல்லப்போனால் கார் இருந்தால்தான் தலைவலி. பழைய நகரச் சந்துகளில் நிறுத்த இடம் கிடைக்காது. செவில்லிலிருந்து கோர்தோபாவுக்கு அதிவேக ரயிலில் சுமார் 45 நிமிடம்தான். ஸ்டேஷன் அருகே 3ஆம் எண் பஸ் பிடித்தால் மெஸ்கித்தா என்ற பழைய மசூதி-தேவாலயத்தின் பக்கத்தில் இறங்கிக்கொள்ளலாம். உள்ளே சிவப்பும் வெள்ளையுமாய் வளைவுகள், 850க்கும் மேற்பட்ட தூண்கள். அரை நாள் போவதே தெரியாது.

கிரனாடாவில் அல்ஹம்ப்ரா என்ற பழைய கோட்டை-அரண்மனை வளாகம் மேட்டின் மேல் இருக்கிறது. வெயிலில் ஏறி மூச்சு வாங்காமல், இசபெல் லா கத்தோலிகா சதுக்கத்தில் சி30 மினி பஸ்ஸில் ஏறுங்கள். ஆனால் அதற்குள் இருக்கும் நஸ்ரிய அரண்மனைகளுக்கு டிக்கெட்டில் போட்ட நேரத்துக்குப் போயாக வேண்டும். பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும். செவில்லுக்குள்ளா? பெரும்பாலும் நடராஜா சர்வீஸே போதும்.