டிரையர் உறுமுகிறது, சுற்றவில்லை: மோட்டாரை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: எங்கள் வீட்டு செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின் வாங்கி 7 வருடம் ஆகிறது. துவைக்கும் பக்கம் நன்றாக ஓடுகிறது. டிரையர் பக்கம் டைமரைத் திருகினால் 'ம்ம்ம்' என்று சத்தம் மட்டும் வருகிறது, டிரம் சுற்றுவதில்லை. இரண்டு நிமிடத்தில் லேசாகக் கருகல் வாசனையும் வருகிறது. போனில் விசாரித்தபோது மெக்கானிக் மெஷினைப் பார்க்காமலே "மோட்டார் போயிடுச்சு, 2,500 ரூபாய் ஆகும்" என்கிறார். சீலிங் ஃபேனுக்குக் கண்டன்சர் மாற்றிய அனுபவம் எனக்கு உண்டு, மல்ட்டிமீட்டரும் இருக்கிறது. நானே பிரித்துப் பார்க்கலாமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் இதைப் படித்து முடிக்கும்வரை அந்த டைமரை மறுபடி திருகாதீர்கள். சுற்ற முடியாமல் நிற்கும் மோட்டார், ஓடும் மோட்டாரைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அந்தக் கரண்ட் முழுக்க உள்ளே சூடாகத்தான் மாறுகிறது. 'இப்பவாவது சுத்துதா பார்ப்போம்' என்று ஐந்தாறு முறை போட்டுப் பார்த்தே நல்ல மோட்டாரைக் கருக்கியவர்கள் நிறையப் பேர்.

சத்தம் வருவது நல்ல செய்திதான். பிளக்கில் தொடங்கி, மூடிக்குக் கீழே இருக்கும் சுவிட்ச், டைமர் எல்லாவற்றையும் தாண்டித்தான் மின்சாரம் மோட்டாருக்கு வருகிறது. மோட்டார் உறுமுகிறது என்றால் அந்த வழி முழுக்கச் சரியாக இருக்கிறது என்று பொருள். சத்தமே இல்லாமல் கிடந்திருந்தால் மூடி சுவிட்சிலிருந்தோ, எலி கடித்த ஒயரிலிருந்தோ தொடங்கச் சொல்லியிருப்பேன். இந்த மெஷின்கள் பலவற்றில் அடிப்பக்கம் திறந்தே கிடக்கும். எலிக்கு இதைவிட வசதியான வீடு ஏது?

ஆக, மிச்சம் இருப்பது மூன்று சந்தேகங்கள். டிரம்மை ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கிறது. அல்லது மோட்டார் கிளம்புவதற்கு வேண்டிய உந்துதலைக் கண்டன்சர் கொடுக்கவில்லை. அல்லது மோட்டாரே போய்விட்டது. இதே வரிசையில் பார்ப்பதுதான் பணத்துக்கும் நல்லது.

முதலில் பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. தண்ணீரை வடித்துவிட்டு, மெஷினைச் சுவரிலிருந்து நகர்த்தி, பின்பக்கத் தகட்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். போர் தண்ணீர் படும் வீடுகளில் இவை துருப்பிடித்து இறுகிப் போயிருக்கும். துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்துக் கால் மணி நேரம் விட்டால் இளகிவிடும். அவசரப்பட்டுத் திருகினால் ஸ்க்ரூவின் தலை வழவழவென்று தேய்ந்துபோகும். அப்புறம் அதை எடுப்பதே தனி வேலை.

உள்ளே இரண்டு மோட்டார் தெரியும். பெல்ட் மாட்டியிருப்பது துவைக்கும் மோட்டார். டிரையர் மோட்டாருக்குப் பெல்ட் கிடையாது. டிரம்முக்கு நேர் கீழே, ஸ்பிரிங்குகள் மேல் உட்கார்ந்திருக்கும். அதன் தலையில் ஒரு வட்டத் தட்டு இருக்கும், அதுதான் பிரேக் டிரம். பக்கத்தில் ஸ்பிரிங் மாட்டிய சின்னக் கை ஒன்று, ரப்பர் கட்டையை அந்தத் தட்டின்மேல் அழுத்திக்கொண்டிருக்கும். அந்தக் கையிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் மேலே மூடிவரை போகும்.

இந்த ஒயரை நன்றாகக் கவனியுங்கள். மூடியைத் திறந்தால் ஒயர் தளர்ந்து பிரேக் பிடிக்கும். மூடினால் ஒயர் இழுபட்டு பிரேக் விடும். ஒயர் அறுந்தாலோ கொக்கியிலிருந்து கழன்றாலோ, நீங்கள் மூடியை மூடினாலும் பிரேக் பிடித்தபடியே இருக்கும். மோட்டார் உறுமும், டிரம் அசையாது. உங்களுடைய அறிகுறியும் அதுவே. யாரையாவது மூடியைத் திறந்து மூடச் சொல்லிவிட்டு, டார்ச் அடித்து அந்தக் கையைப் பாருங்கள். மூடும்போது ரப்பர் கட்டை தட்டைவிட்டு நன்றாக விலக வேண்டும். அசையவே இல்லையென்றால் ஒயர் போயிருக்கிறது. பாதி விலகி உரசிக்கொண்டே இருந்தால் ஒயர் நீண்டு தளர்ந்திருக்கிறது. கருகல் வாசனை அந்த ரப்பரிலிருந்து வந்ததாகக்கூட இருக்கலாம். புது ஒயர் உதிரிபாகக் கடையில் சொற்ப விலைக்குக் கிடைக்கும். பழையதைக் கையோடு கொண்டுபோய் நீளத்தைப் பார்த்து வாங்குங்கள்.

பிரேக் சரியாக இருந்தால், ஒரு கையால் ரப்பர் கட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் அந்தத் தட்டைச் சுழற்றிப் பாருங்கள். பிளக் வெளியேதான் இருக்கிறது என்பதை இன்னொரு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள். தட்டு வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். இறுக்கமாக இருந்தால் டிரம்முக்கும் வெளித்தொட்டிக்கும் நடுவே ஏதாவது சிக்கியிருக்கும்: கைக்குட்டை, குழந்தையின் சாக்ஸ், உள்பாவாடை நாடா. துணிமேல் வைக்கும் பிளாஸ்டிக் வட்டத் தட்டை வைக்காமல் ஓட்டினால் சின்னத் துணிகள் மேலே எகிறி அந்த இடுக்கில் விழுந்துவிடும். எங்கள் வீட்டிலேயே ஒருமுறை கண்டன்சரை மாற்றி, அதுவும் சரிப்படாமல் டைமரையும் மாற்றிய பிறகுதான் ஒற்றைச் சாக்ஸ் ஒன்று அடியில் சுருண்டு கிடந்ததைப் பார்த்தேன். கையால் சுற்றிப் பார்ப்பதற்கு அரை நிமிடம் ஆகியிருக்காது.

சிக்கிய துணியை மேலிருந்து நீள மூக்குக் குறடாலோ வளைத்த கம்பியாலோ எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் டிரம்மைத் தூக்க வேண்டும். பிரேக் தட்டுக்கு மேலே டிரம்மின் தண்டைப் பிடித்திருக்கும் போல்ட்டையும் அதன் லாக் நட்டையும் தளர்த்துங்கள். பெரும்பாலும் 10 எம்எம் ஸ்பேனர் பொருந்தும். பிறகு டிரம்மை நேராக மேலே இழுத்தால் வரும். திரும்ப மாட்டும்போது போல்ட்டின் முனை தண்டில் இருக்கும் துளையிலோ பள்ளத்திலோ சரியாக உட்கார வேண்டும். இல்லையென்றால் மோட்டார் மட்டும் ஓடும், டிரம் சும்மா நிற்கும்.

டிரம்மைத் தூக்கியிருக்கும்போதே அடியில் தண்டு நுழையும் ரப்பர் சீலைப் பார்த்துவிடுங்கள். விரிசல் இருந்தால் தண்ணீர் நேராக மோட்டார்மேல்தான் சொட்டும். மோட்டாரின் தலையில் வெள்ளை உப்புக் கோடும் துருவும் தெரிந்தால் சீல் ஒழுகுகிறது என்று அர்த்தம். சீலை மாற்றாமல் புது மோட்டார் போட்டால் அதுவும் சீக்கிரமே போய்விடும்.

எல்லாம் லேசாகச் சுற்றுகிறது, ஆனாலும் உறுமல்தான் என்றால் அடுத்தது கண்டன்சர். 'துவைக்கும் பக்கம் ஓடுகிறதே, கண்டன்சர் எப்படிப் போயிருக்கும்?' என்று தோன்றலாம். பல மெஷின்களில் ஒரே டப்பாவுக்குள் இரண்டு கண்டன்சர் இருக்கும். மேலே 10+5 மைக்ரோஃபாரட் (கண்டன்சரின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) என்பதுபோல அச்சிட்டிருப்பார்கள். பெரிய எண் துவைக்கும் மோட்டாருக்கு, சின்னது டிரையருக்கு. ஒன்று செத்து மற்றது உயிரோடு இருப்பது சகஜம். ஃபேன் வேலை செய்த உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இதில் மின்சாரம் தங்கியிருக்கும். பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவரால் முனைகளை ஒன்றோடொன்று தொடவைத்து இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். எந்த ஒயர் எங்கே இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துவிட்டு ஒயர்களைக் கழற்றுங்கள்.

உங்கள் மல்ட்டிமீட்டரில் கண்டன்சர் அளக்கும் வசதி இருந்தால், 5 மைக்ரோஃபாரட் என்று போட்டிருப்பது 4.5-க்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள். அந்த வசதி இல்லையென்றாலும், டப்பா உப்பியிருந்தாலோ வெடித்திருந்தாலோ பார்த்தாலே தெரியும். புதியது 100, 200 ரூபாய்க்குள்தான். அதே மைக்ரோஃபாரட், அதே வோல்டேஜ் அல்லது அதற்கு மேல் என்று கேட்டு வாங்குங்கள். 'கொஞ்சம் கூடப் போட்டா வேகமா சுத்தும்' என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள், மோட்டார் சூடாகும். டிரம்மைக் கையால் தள்ளிவிட்டுக் கிளம்புகிறதா என்று பார்க்கும் பழக்கமும் சில மெக்கானிக்குகளுக்கு உண்டு. கிளம்பிவிட்டால் விரலை எடுக்க நேரம் இருக்காது. அது வேண்டாம்.

கடைசியில்தான் மோட்டார். நன்றாக ஆறிய பிறகு அளக்க வேண்டும். சூட்டோடு அளந்தால் உள்ளே இருக்கும் தெர்மல் கட்-அவுட் (சூடு ஏறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாகம்) துண்டித்திருந்து உங்களை ஏமாற்றிவிடும். மோட்டாரிலிருந்து வரும் மூன்று ஒயர்களையும் கழற்றி, இரண்டிரண்டாக ஓம்ஸில் அளந்து எழுதுங்கள். மூன்று அளவு வரும். சின்ன இரண்டையும் கூட்டினால் பெரியது வர வேண்டும். உதாரணத்துக்கு 60, 90, 150 என்று வந்தால் வைண்டிங் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்று) முழுசாக இருக்கிறது. ஏதாவது ஒரு ஜோடிக்கு அளவே காட்டவில்லை என்றாலோ, கணக்கு ரொம்ப உதைத்தாலோ, ஒயருக்கும் மோட்டாரின் இரும்பு உடம்புக்கும் நடுவே ஏதாவது அளவு காட்டினாலோ வைண்டிங் கருகியிருக்கிறது. அப்போது மெக்கானிக் சொன்னதுதான் சரி, மோட்டாரை மாற்றத்தான் வேண்டும். இரும்பு உடம்போடு அளவு காட்டினால் மெஷினை அதுவரை துவைக்கவும் பயன்படுத்தாதீர்கள். ஈரத் தரையில் நின்றுகொண்டு தொடுகிற சாமான் அது.

மெக்கானிக்கை வரவழைத்தால் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். மூடி சுவிட்சை 'டைரக்ட்' செய்து, மூடி திறந்திருக்கும்போதும் ஓடுகிறமாதிரி விட்டுவிட்டுப் போகக் கூடாது. சுற்றும் டிரம்முக்குள் துணியின் நுனியைப் பிடித்தால் கையையும் சேர்த்து முறுக்கிவிடும். குழந்தைகள் உள்ள வீட்டில் கேட்கவே வேண்டாம்.

வேலை முடிந்ததும் பின் தகட்டை மூடிவிட்டுத்தான் பிளக்கைச் செருக வேண்டும். முதலில் காலி டிரம்மை ஒரு நிமிடம் ஓடவிடுங்கள், பிறகு ஈரத் துணியைச் சமமாகப் பரப்பி, பிளாஸ்டிக் தட்டை வைத்து ஓட்டுங்கள். ஓடும்போது மூடியைத் திறந்தால் டிரம் சில நொடிகளில் நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிரேக் ஒயரை அதிகமாக இறுக்கிவிட்டீர்கள். பிளக்கைப் பிடுங்கி, தகட்டைக் கழற்றி, ஒயரைக் கொஞ்சம் தளர்த்துங்கள்.