கில்லன் பாரே நோயில் ஆக்சிஜன் அளவு சரியாக இருந்தும் ஐசியு எதற்கு?

ஆக்சிமீட்டர் 97 காட்டும்போதே உங்கள் தந்தையை ஐசியுவுக்கு மாற்றியது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்நோயில் முதலில் பழுதாவது நுரையீரல் அன்று; உதரவிதானத்தை இயக்கும் நரம்புகளை உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே தாக்குவதால், மூச்சை இழுக்கும் தசை வலுவிழக்கிறது. ஆக்சிஜன் அளவு கடைசியில்தான் சரியும் என்பதால், அந்த எண்ணை மட்டும் நம்பியிருப்பது ஆபத்தானது. ஆகவே மருத்துவர்கள் சில மணி நேரத்துக்கு ஒருமுறை, முழுமூச்சாக இழுத்து வெளிவிடும் காற்றை அளக்கிறார்கள். அது உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிலிட்டருக்குக் கீழே இறங்கினால், திணறல் வெளியே தெரியாவிட்டாலும் வென்டிலேட்டருக்கு ஆயத்தமாவார்கள். தலையணையிலிருந்து தலையைத் தூக்க இயலாமை, ஒரே மூச்சில் 20 வரை எண்ண முடியாமை ஆகியவை படுக்கையருகிலேயே தெரியும் அறிகுறிகள். விழுங்கும் தசை தளர்ந்தால் எச்சில் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவும் வரலாம். 100 பேரில் ஏறத்தாழ 20 முதல் 30 பேருக்கு வென்டிலேட்டர் தேவைப்படுகிறது. அதிலிருந்து விடுபடப் பலருக்கு வாரக்கணக்கில் ஆகும்.