மறு: ரியாக்டிவிஷன் மேசையில் கட்டையை வேகமாக நகர்த்தினால் ஒலி அறுபடுகிறது

வணக்கம். உங்கள் ரியாக்டிவிஷன் இசை மேசையில் (கட்டைகளின் அடியில் ஒட்டிய அச்சுக் குறிகளைக் கேமரா கீழிருந்து பார்க்க, மென்பொருள் அவற்றை அடையாளம் காணும் மேசை) நான்கு பேர் சேர்ந்து வாசிக்கும்போது, கட்டையை இழுத்தாலே ஒலி நின்று மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். கணினியின் வேகத்தைச் சந்தேகிக்க வேண்டாம். கோளாறு கேமராவின் எக்ஸ்போஷரில்தான் (ஒவ்வொரு படத்துக்கும் ஒளி வாங்கும் நேரம்) இருக்கும். கை நொடிக்கு 50 செ.மீ. நகர்கிறது என்று வையுங்கள். 1/30 நொடி எக்ஸ்போஷரில் குறி 1.7 செ.மீ. இழுபட்டுப் பதியும், மென்பொருளால் படிக்க முடியாது. ஆட்டோ எக்ஸ்போஷரை அணைத்துவிட்டு 1/200க்குக் கொண்டுவாருங்கள், இழுபடுவது 2.5 மி.மீ. ஆகக் குறையும். படம் இருண்டால் கெயினை (கேமராவின் சிக்னலைப் பெருக்கும் அளவு) ஏற்றாதீர்கள், படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும். கேமரா பார்ப்பது அகச்சிவப்பு ஒளியில் என்பதால், 850 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்இடிகளைக் கூட்டுங்கள்.

குறிகளை இங்க்ஜெட்டிலா அச்சிட்டீர்கள்? அந்தக் கறுப்பு மை பல பிரிண்டர்களில் அகச்சிவப்புக்குத் தெரியவே தெரியாது. லேசர் பிரிண்டரில், பளபளப்பில்லாத தாளில் எடுங்கள்.

இவ்வளவு செய்தும் ஓரிரு ஃபிரேம் தவறத்தான் செய்யும். குறி தொலைந்து திரும்பும்போது டியூஐஓ (குறிகளின் நிலையை ஒலி நிரலுக்கு அனுப்பும் நெறிமுறை) அதற்குப் புது செஷன் எண் தருகிறது. உங்கள் பியூர் டேட்டா பேட்ச் (ஒலி எழுப்பும் நிரல்) அந்த எண்ணை நம்பியிருந்தால், அதே கட்டையைப் புதுக் கட்டை என்று எடுத்துக்கொள்ளும். ஒலியைக் குறியின் சொந்த எண்ணோடு (அதன் வடிவத்துக்கே உரிய, மாறாத எண்) இணையுங்கள். குறி தொலைந்தது என்ற நீக்கச் செய்தி வந்ததும் ஒலியை நிறுத்தாமல் 250 மில்லிநொடி காத்திருங்கள்; அதற்குள் அதே குறி திரும்பினால் நிறுத்தும் கட்டளையை ரத்து செய்யுங்கள். தாளக் கட்டைகளுக்கு மட்டும் 100 போதும், இல்லையென்றால் எடுத்த பிறகும் ஒரு அடி கூடுதலாக விழும்.