மாடும் மேயட்டும், குஞ்சும் பொரிக்கட்டும்: குவாசூலு-நட்டால் பண்ணைக் கேள்வி பதில்

இக்ஸோபோ பக்கத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணே, எங்கள் மேய்ச்சல் நிலம் முழுக்க ஆன்ட்பேர் (கறையான் தின்னும் ஆர்ட்வார்க் என்ற விலங்கு) தோண்டிய குழிகள். கன்றுகள் காலை முறித்துக்கொள்ளும், மண் போட்டு மூடு என்கிறார் அப்பா. மூடலாமா?

வேண்டாம் தம்பி. உங்கள் பக்கத்து மூடுபனிப் புல்வெளியை நம்பித்தான் ப்ளூ ஸ்வாலோ என்ற சின்னப் பறவை வசந்தத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது. அது மரத்தில் கூடு கட்டாது. அந்தக் குழிக்குள் இறங்கி, மேல்சுவரில் சேறும் புல்லும் குழைத்து ஒட்டும். தென்னாப்பிரிக்காவில் மிகக் கொஞ்ச ஜோடிகளே மிச்சம். பைன், யூகலிப்டஸ் தோட்டமும் கரும்பும் பெரும்பகுதியை விழுங்கியபின், மாடு மேய்ப்பவர்கள் வைத்திருந்த நிலம்தான் இன்னும் புல்லாக இருக்கிறது. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். அவருடைய பயமும் நியாயமானதுதான். சின்னக் கன்றுகளைக் குழி இல்லாத கேம்ப்பில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் பகுதியில் விடுங்கள், போதும்.

மூயி ரிவர் வாசகர்: குளிர்காலத்தில் சதுப்போரப் புல்லைக் கொளுத்துகிறோம். பறவைகளுக்குக் கெடுதலா?

கொளுத்துவது தப்பில்லை. இந்தப் புல்வெளிக்கு நெருப்பு வேண்டும், இல்லாவிட்டால் பழைய புல் மக்கிப்போய் மாடும் தொடாது. ஆனால் வாட்டில்ட் கிரேன் என்ற பெரிய கொக்கு பெரும்பாலும் குளிர்காலத்தில்தான், அதுவும் சதுப்புக்குள்ளேயே முட்டையிடும். வழக்கமாக ஒரே குஞ்சுதான் வளரும். அது பறக்க மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். தீ வந்தால் அதற்கு ஓட இடமில்லை. அதனால் தீ வைக்கும் முன் சதுப்பைத் தூரத்திலிருந்து பாருங்கள். ஜோடி நின்றால் அந்தப் பக்கத்தை இந்த வருடம் விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் எரிக்காமல் பகுதி பகுதியாகச் செய்யுங்கள். குட்டைப் புல் பிடிக்கும் பறவையும் உண்டு, லாங்-டெயில்ட் விடோபேர்ட் போல உயரப் புல்லில் கூடு வைப்பதும் உண்டு. அப்புறம், வசந்தத்தில் முளை வந்தபின் கொளுத்தாதீர்கள். அப்போது தரையெல்லாம் கூடு.

ஹோவிக்: வைக்கோல் புல் வெட்டும்போது கினிக்கோழிக் குஞ்சுகள் சாகின்றன.

நடுவிலிருந்து வெளியே வெட்டிக்கொண்டு போங்கள். ஓரத்திலிருந்து சுற்றி வந்தால் எல்லாம் நடுவில் மாட்டிக்கொள்ளும். டிராக்டரை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஓர் அம்மா: மாட்டின் முதுகில் உண்ணி கொத்தும் ஆக்ஸ்பெக்கர் எங்கள் தாத்தா காலத்தில் இருந்ததாம். ஏன் காணோம்?

உண்ணி சாக மாட்டை முக்கி எடுக்கும் டிப் மருந்துதான் பெரிய காரணம், அம்மா. பழைய ஆர்செனிக் டிப்பும் அடுத்து வந்த ஆர்கனோபாஸ்பேட் டிப்பும் உண்ணியோடு சேர்த்து அதைத் தின்ற பறவையையும் கொன்றன. அமிட்ராஸ் போன்ற டிப் மருந்துகள் இந்தப் பறவைக்கு ஆபத்து குறைந்தவை. வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

எஸ்ட்கோர்ட்: செத்த மாட்டைக் கழுகுகளுக்குப் போடலாமா?

நோயில்லாத மாடு, மருந்து ஏறாத மாடு என்றால் தாராளமாக. மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து இந்தியாவில் கழுகுகளை எப்படித் துடைத்தது என்று தெரியும்தானே. கீட்டோபுரோஃபெனும் அதே வகைதான், மெலாக்ஸிகாம் பரவாயில்லை. ஊசி போட்டுக் கருணைக்கொலை செய்த மாட்டை ஆழமாகப் புதையுங்கள், அந்த மருந்தும் கழுகைக் கொல்லும். செங்குத்துச் சுவர் தண்ணீர்த் தொட்டிகளில் ஒரு பலகையை மிதக்க விடுங்கள். குளிக்க இறங்கும் கழுகு ஏற முடியாமல் மூழ்கிவிடுகிறது.

அண்டர்பெர்க்: ப்ளூ கிரேன் கொக்கின் கூடு இருக்கும் கேம்ப்பில் மாட்டை விடலாமா?

வெறும் தரையில் இரண்டு முட்டை, அடைகாக்க ஏறக்குறைய ஒரு மாதம். வேறு கேம்ப் இருந்தால் அதுவரை மாட்டை அங்கே மாற்றுங்கள். இல்லாவிட்டால் நாயையாவது கட்டிப்போடுங்கள்.