சென்னை–லண்டன் விமானம்: தூரத்தை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் ஏன் வருவதில்லை?

பறக்கும் தூரம் என்பது பூமி உருண்டையின் மேல் இரு விமான நிலையங்களை இணைக்கும் மிகக் குறுகிய வளைகோட்டின் நீளம். சேலத்திலிருந்து சென்னைக்குச் சாலையில் சுமார் 340 கி.மீ.; சேலத்தின் காமலாபுரம் விமான நிலையத்திலிருந்து வான்வழியில் ஏறத்தாழ 265 கி.மீ. மட்டுமே.

சென்னைக்கும் லண்டனுக்கும் இடையே அத்தூரம் சுமார் 8,200 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. வேகம் என்று வகுத்தால் ஒன்பது மணி நேரம் வரும். ஆனால் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், மேலேறி இறங்குவதும், மூடப்பட்ட வான்வெளிகளைச் சுற்றிப் போவதும் சேர்ந்து அதைப் பத்து, பதினொரு மணி நேரமாக்கிவிடுகின்றன.

திரும்பி வருகையில் நேரம் குறைவதற்குக் காரணம் காற்று. சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வலுவான காற்றோட்டம் உண்டு. ஆடிக் காற்றில் சேலத்திலிருந்து மேற்கே உள்ள மகுடஞ்சாவடிக்கு சைக்கிள் மிதிப்பவர் மூச்சு வாங்குவதும், திரும்பும்போது மிதிக்காமலே வண்டி ஓடுவதும் போன்றதே இது.

டிக்கெட்டில் அச்சாகும் நேரங்கள் அந்தந்த ஊர் நேரங்கள். குளிர்காலத்தில் லண்டன் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருப்பதால், காலை 5.30-க்குப் புறப்பட்டு 11.00-க்கு இறங்குவதாகப் போட்டிருந்தால் உண்மைப் பயணம் பதினொரு மணி நேரம். வீட்டிலிருந்து வழியனுப்புபவர்கள் பெரும்பாலும் குழம்புவது இங்கேதான்.

பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால் மேற்கே பறக்கும் விமானம் விரைவில் சேரும் என்று பலர் நினைப்பது சரியன்று. வளிமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது.