காரு யாரு செஞ்சதுன்னு கேக்காதீங்க, பேட்டரி செல்லு யாரு செஞ்சதுன்னு கேளுங்க

இந்த தடவ நீங்க அனுப்புன கேள்விகள்ல பாதிக்கு மேல "எந்த எலக்ட்ரிக் கார் வாங்கலாம் சார்" தான். அதுக்கு நான் பதில் சொல்லமாட்டேன்னு உங்களுக்கே தெரியும், அத உங்க மச்சான் சொல்லுவாரு. மிச்சத்துல நல்லதா ஆறு எடுத்திருக்கேன்.

சார், ஷோரூம்ல பேட்டரி இந்தியாவுலயே தயாரிச்சதுன்னு அடிச்சு சொல்றாங்க. அப்ப சைனா சரக்கு இல்லன்னு நம்பலாமா?

பேக் வேற, செல் வேற தம்பி. காருக்கு அடியில கட்டில் மெத்த சைஸுக்கு ஒரு பெட்டி இருக்கும்ல, அது பேக். அதுக்குள்ள இருக்குற செல்லு தான் உண்மையான பேட்டரி. செல்ல வெளிய இருந்து வாங்கி வரிசையா அடுக்கி, பஸ்பார் வெல்டிங் பண்ணி, கூலிங் பிளேட் வச்சு, பிஎம்எஸ் போர்டு (பேட்டரிய கண்காணிக்கிற எலக்ட்ரானிக்ஸ்) மாட்டி மூடுனா பேக் ரெடி. இந்த வேலை நம்ம ஊர்ல நல்லாவே நடக்குது, க்ரெட்டா எலக்ட்ரிக் பேக் கூட சென்னை பக்கம் தான் அசெம்பிள் ஆகுது. ஆனா மாருதி இ-விட்டாராவ எடுத்துக்கோங்க, கார் குஜராத் ஹன்சல்பூர்ல செஞ்சு உலகம் பூரா போகுது, உள்ள இருக்குற செல்லு சைனா கம்பெனி பிஒய்டியோட 'பிளேட்' செல்லு, கத்தி மாதிரி நீளமா தட்டையா இருக்கும். ஷோரூம்காரர் பொய் சொல்லல, பாதி சொல்றாரு, அவ்ளோதான்.

செல்லு செய்றது ஏன் இவ்ளோ கஷ்டம்னா, பாக்க நம்ம தோசை ஊத்துற மாதிரி தான் இருக்கும். கிராஃபைட் பொடிய கலந்து மாவு பதத்துக்கு கொண்டு வந்து செம்பு ஃபாயில் மேல கோட்டிங் குடுக்கணும், அந்த ஃபாயில் நம்ம தலைமுடியில பத்துல ஒரு பங்கு கனம் தான் இருக்கும், அதுல கிலோமீட்டர் கணக்குல ஒரே சீரா மாவு ஓடணும், ஒரு இடத்துல கொஞ்சம் தடிச்சாலும் அந்த பீஸ் ஸ்க்ராப். அப்புறம் காயவச்சு, ரோலர்ல அழுத்தி, வெட்டி, சுத்தி, எலக்ட்ரோலைட்டுன்னு ஒரு திரவத்த ஊத்துவாங்க. ஊத்துற ரூம்ல ஈரப்பதம் ஒரு சதவீதத்துக்கும் கீழ இருக்கணும். ஆளுங்க மூச்சு விடுற ஈரத்த கூட கணக்கு பண்ணி ஒரு நேரத்துல இத்தன பேர் தான் உள்ள போகலாம்னு வச்சிருப்பாங்க, வாசல்ல டீ குடிச்சிட்டு நேரா உள்ள நுழையற கதையெல்லாம் அங்க நடக்காது. கடைசியா முதல் சார்ஜ் போட்டு நாள் கணக்குல ராக்குல வச்சு வோல்டேஜ் எறங்குதான்னு பாப்பாங்க, அவ்ளோ நாளும் போட்ட காசு சும்மா தூங்கும்.

இதுல தான் ஸ்வீடன்ல நார்த்வோல்ட்டுன்னு ஒரு செல் கம்பெனி மாட்டிச்சு. காசுக்கு பஞ்சமே இல்ல, ஆனா சொன்ன அளவுக்கு செல்லு வெளிய வரல, 2024 ஜூன்ல பிஎம்டபிள்யூ 200 கோடி யூரோ ஆர்டர கேன்சல் பண்ணுச்சு, 2025 மார்ச்ல கம்பெனி திவால். இங்கயும் டாடாவோட பேட்டரி கம்பெனி அக்ரடாஸ் குஜராத் சனந்த்ல 20 கிகாவாட்-ஹவர் அளவுக்கு செல் ஃபேக்டரி கட்டுது, ஓலா கிருஷ்ணகிரி மாவட்டத்துல 4680 செல் லைன் போட்டிருக்கு (46 மில்லி விட்டம், 80 மில்லி உயரம், அதான் அந்த பேரு). கட்டடம் எழும்புறது ஈஸி. ஸ்க்ராப் எப்ப கொறையுதுன்னு பாருங்க, அப்ப தான் கை தட்டணும்.

பழைய பெரிய கார் கம்பெனிங்க எல்லாம் ஏன் பின்வாங்குறாங்க? அப்ப எலக்ட்ரிக் ஃபெயிலா அண்ணே?

ஃபெயில் இல்லடா, கணக்கு ஒத்து வரல. வோல்வோ 2030க்குள்ள முழுக்க எலக்ட்ரிக்னு சொல்லிட்டு 2024 செப்டம்பர்ல அத மாத்திக்கிச்சு, பிளக்-இன் ஹைபிரிடயும் (எஞ்சினும் இருக்கும், சார்ஜ் போடுற பேட்டரியும் இருக்கும்) சேத்துக்கிட்டாங்க. இவங்களுக்கெல்லாம் நூறு வருஷமா எஞ்சின் தான் சோறு போட்டுச்சு, பேட்டரி வெளிய இருந்து வாங்குற ஐட்டம். கார்லயே காஸ்ட்லியான பார்ட்ட அடுத்தவன்கிட்ட வாங்குனா லாபம் எங்க நிக்கும்? பிஒய்டி கதை அப்டியே உல்டா. 1995ல ஷென்சென்ல பேட்டரி கம்பெனியா ஆரம்பிச்சு ஃபோனுக்கு பேட்டரி வித்துட்டு இருந்தவங்க, 2003ல தான் ஒரு கார் கம்பெனிய வாங்கி உள்ள வந்தாங்க, 2022 மார்ச்சோட வெறும் பெட்ரோல்ல ஓடுற கார நிறுத்திட்டாங்க. அவங்களுக்கு செல்லு சொந்த வீட்டு அரிசி, மத்தவங்களுக்கு கடையில வாங்குற அரிசி.

அம்பத்தூர்ல சின்னதா ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன், எஞ்சின் பார்ட்ஸ் மெஷினிங் மட்டும் தான். கடைய மூடிடவா சார்?

மூடாதீங்கண்ணே. ஒரு விஷயம் பாருங்க, 2022ல மறைமலை நகர்ல உற்பத்திய நிறுத்துன ஃபோர்டு திரும்பி வருதுன்னதும் எல்லாரும் எலக்ட்ரிக் கார் தான் செய்யப்போறாங்கன்னு பேசுனாங்க. 2025 அக்டோபர் கடைசில தமிழ்நாடு அரசோட கையெழுத்து போட்டது எதுக்கு தெரியுமா, எஞ்சினுக்கு! 2029லேர்ந்து வருஷத்துக்கு 2,35,000 எஞ்சின், 3,250 கோடி ரூபா. ஹைபிரிட் ஓடுற வரைக்கும் எஞ்சின் ஓடும். ஆனா அதே சமயம் தூத்துக்குடில வியட்நாம் கம்பெனி வின்ஃபாஸ்ட் 2025 ஆகஸ்ட்ல எலக்ட்ரிக் கார் ஃபேக்டரி தொறந்தாச்சு, அதயும் மறக்காதீங்க. பிஸ்டன், இன்ஜெக்டர், சைலன்சர் மட்டும் நம்பி புது மெஷினுக்கு லோன் போடாதீங்க. பிரேக், சஸ்பென்ஷன், ஸ்டீரிங் பார்ட்ஸ் எந்த வண்டிக்கும் வேணும், அலுமினிய மோட்டார் ஹவுசிங் மெஷினிங்க்கு உங்ககிட்ட இருக்குற விஎம்சி (கம்ப்யூட்டர்ல ஓடுற மில்லிங் மெஷின்) இருந்தாலே போதும். கொட்டேஷன் கேட்டு பாருங்க, டாலரன்ஸ், அதாவது அளவு எவ்ளோ விலகலாம்ங்கறத, டைட்டா கேப்பாங்க, அதுக்கு ரெடியா இருங்க.

ஜம்முல தான் பேட்டரிக்கு வேணுங்கற லித்தியம் கெடச்சிடுச்சே, பேட்டரி வில கொறையாதா?

2023 பிப்ரவரில அங்க ரியாசி மாவட்டத்துல 59 லட்சம் டன்னு சொன்னது உத்தேச கணக்கு, அதுவும் தாதுவோட கணக்கு, லித்தியத்தோட கணக்கு இல்ல. அத நம்பி காத்திருக்காதீங்க.

எங்க வீட்டுக்காரர் 100 சதவீதம் சார்ஜ் போடக்கூடாதுங்கறாரு, கம்பெனி ஆளு போடுங்கறாரு. யார் சொல்றது கரெக்ட்?

ரெண்டு பேரும் கரெக்ட்மா, செல்ல பொறுத்து. நிக்கல் கலந்த என்எம்சி செல்லுன்னா தினசரி 80 சதவீதத்தோட நிறுத்துறது நல்லது, நெறஞ்ச வயிறோட படுத்தா மாதிரி ஃபுல் சார்ஜ்லயே நின்னா அது சீக்கிரம் தளரும். நம்ம ஊர்ல டாடா நெக்ஸான் மாதிரி நெறைய வண்டில வர்றது எல்எஃப்பி, நிக்கலுக்கு பதிலா இரும்பும் பாஸ்பேட்டும் சேந்த செல்லு. அதுல சார்ஜ் எறங்க எறங்க வோல்டேஜ் பெருசா மாறாது, 80லயும் 40லயும் கிட்டத்தட்ட ஒரே ரீடிங், அதனால எவ்ளோ மிச்சம்னு பிஎம்எஸ்ஸுக்கே குழம்பும். வாரம் ஒரு தடவ ஃபுல்லா போட்டா கணக்க சரி பண்ணிக்கும். நானே ஒரு கஸ்டமர் வண்டில பாத்தேன், மாச கணக்குல 70ஐ தாண்ட விடாம பொத்தி பொத்தி ஓட்டிருக்காரு, 18 காட்டிக்கிட்டு இருந்தது திடீர்னு 5க்கு எறங்கி பெருங்களத்தூர் பாலத்துல நின்னுடுச்சு. பேட்டரில ஒண்ணுமே இல்ல, ரெண்டு தடவ ஃபுல் சார்ஜ் போட்டதும் சரியாயிடுச்சு. பேட்டரி மாத்தணும்னு எவனோ சொல்லி பாவம் மனுஷன் நாலு நாள் தூங்கல.

செகண்ட் ஹேண்ட்ல எலக்ட்ரிக் கார் வாங்குறேன், என்ன பாக்கணும்?

பெயிண்ட் அப்புறம் பாருங்க. சர்வீஸ் சென்டர்ல ஸ்கேனர் போட்டு எஸ்ஓஹெச் (புதுசுல இருந்த பேட்டரி திறன்ல இப்ப எத்தன சதவீதம் மிச்சம்ங்கற கணக்கு) பிரிண்ட் கேளுங்க, செல்லுக்கு செல்லு வோல்டேஜ் வித்தியாசமும் அதுலயே வரும். வண்டிய லிஃப்ட்ல ஏத்தி அடியில டார்ச் அடிச்சு பாருங்க, பேக் மூலையில ஸ்பீட் பிரேக்கர் ஒரசுன நெளிவு இருந்தா அந்த வண்டி வேணாம். எட்டு வருஷம் 1,60,000 கிலோமீட்டர் வாரண்டின்னு வாயால சொல்லுவாங்க, ரெண்டாவது ஓனருக்கு அது எப்படி மாறுதுன்னு எழுத்துல வாங்குங்க. விக்கிறவர் எஸ்ஓஹெச் எடுக்க தயங்குனாருன்னா டீ மட்டும் குடிச்சிட்டு வந்துடுங்க.