மூட்டு நீர் வடியும் காயத்துக்குத் தையல் போடலாமா?

கே: அல் ஐன் அருகே ஒரு பண்ணையில் ஒட்டகம் பார்க்கிறேன். வேலிக் கம்பியில் சிக்கி, ஒன்றின் முன்காலில், பாதத்துக்கு மேலுள்ள மூட்டருகே இரண்டு அங்குலக் காயம். நேற்றிலிருந்து மஞ்சளாக, பிசுபிசுவென்று நீர் வடிகிறது. கழுவித் தையல் போட்டால் போதுமா? ஆபரேஷன் வேண்டுமா?
— ஒரு வாசகர்

ப: வெறுமனே தைத்து மூடிவிடாதீர்கள். வடிவது மூட்டு நீர் என்றால் மூட்டுப் பை கிழிந்திருக்கிறது. உள்ளே போன மணலும் கிருமியும் அடைபட்டுச் சீழ் பிடிக்கும். கையுறை போட்டு ஒரு சொட்டை விரலிடையில் எடுத்துப் பிரித்துப் பாருங்கள். நல்ல மூட்டு நீர் நூலாக இழுபடும். கலங்கி, தண்ணீராக ஒழுகினால் கிருமி வேலையைத் தொடங்கிவிட்டது.

முதல் 6–8 மணி நேரத்துக்குள் கழுவியிருந்தால் நல்லது. உங்களுக்கு ஒரு நாள் கடந்துவிட்டது, அதனால் இன்றே மருத்துவரை வரவழையுங்கள். அதுவரை காயத்தைச் சுத்தமான துணியால் கட்டி, நடக்க விடாமல் வையுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடையோ டெட்டாலையோ ஓட்டைக்குள் ஊற்றவே வேண்டாம், குருத்தெலும்பு கெட்டுவிடும்.

மருத்துவர் காயத்தைத் தொடாமல், எதிர்ப்பக்கத்து நல்ல தோல் வழியாக மூட்டுக்குள் ஊசி இறக்குவார். கொஞ்சம் நீரை உறிஞ்சி எடுத்த பிறகு உப்புக் கரைசல் ஏற்றுவார். அது காயம் வழியே வெளியேறினால் மூட்டு திறந்திருக்கிறது என்பது உறுதி. பிறகு தடித்த 14 கேஜ் ஊசிகள் வழியே 3 முதல் 5 லிட்டர் ரிங்கர் லாக்டேட் (உப்புகள் கலந்த கிருமியற்ற நீர்) விட்டு அலசுவார். சீழ் திரண்டு ஊசியை அடைத்தால், மூட்டைச் சிறிது கீறித் திறந்து எடுக்க வேண்டிவரும். முடிவில் மூட்டுக்குள் அமிகாசின் போன்ற கிருமிக்கொல்லி மருந்து போடுவார். அது சிறுநீரகத்தைத் தாக்கும் மருந்து. வலி மருந்தும் சேரும்போது ஆபத்து கூடும். தாகத்தோடு நிற்கும் ஒட்டகத்துக்கு இவற்றைக் கொடுக்கக் கூடாது.

இப்படி அலச மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் இரையை 24 மணி நேரம் நிறுத்துவது வழக்கம். அவசரத்தில் இது முடியாது. அப்போது கழுத்தை உயர்த்தி, வாய் தாழ்ந்திருக்கும்படி வையுங்கள். கக்கினாலும் மூச்சுக்குழாய்க்குள் போகாது. பக்கவாட்டில் படுத்தால் அடிப்பக்கத்துத் தோளுக்குக் கீழ் தடித்த மெத்தை போட்டு, அந்த முன்காலை முன்னால் இழுத்து வையுங்கள். இல்லாவிட்டால் நரம்பு நசுங்கி, எழுந்தபின் கால் தொங்கிப் போகும்.

பலர் கோட்டை விடுவது அதற்குப் பிறகுதான். ஒட்டகம் உட்காரும்போது முன்காலை மடித்து, அந்த மூட்டையே தரையில் பதிக்கும். கட்டுக்குள் மணலும் சிறுநீரும் ஏறும். தினமும் கட்டை மாற்றி, உலர்ந்த மணலைப் பரப்பி வையுங்கள். 48 மணி நேரத்தில் நொண்டல் குறையாவிட்டால் மறுபடியும் அலச வேண்டும்.